மேற்கெல்லை: கள்ளுக்கடை

எங்கள் வீட்டில் கள்ளுக்கடை என்ற வார்த்தையை யாரும் உரக்கச் சொன்னதில்லை. 1926ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மட்டும் அது கூச்சமில்லாமல் நிற்கிறது. எங்கள் பாகத்துக் காட்டுக்குச் செக்குபந்தி சொல்லும் இடத்தில்: வடக்கே இட்டேரி, தெற்கே பள்ளம், கிழக்கே பங்காளி பூமி, மேற்கே கள்ளுக்கடை. பாங்கில் பதினோரு வருஷமாக மற்றவர்களுடைய மூலப்பத்திரங்களைப் புரட்டுகிறவன் நான். சர்வே நெம்பர் பொருந்தினால் போதும், நான்கெல்லையை எவரும் வாசிப்பதில்லை. சொந்தப் பத்திரமானதால் வாசித்தேன். வாசித்தபிறகு, அந்தக் கடையின் சரித்திரத்தை எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. பார்த்தே இராத லண்டன் மதுக்கடைகளை நான் பாடப்புத்தகத்தில் அறிந்திருந்தேன். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் தன் மனதுக்கிசைந்த ஒரு கடையைக் கற்பனை செய்து கட்டுரையே எழுதினார். போல்ட்டன் நகரத்து மதுக்கடைகளில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷத்தில் ஒரு கோப்பையைக் காலி செய்கிறான் என்றுகூட எழுதிவைத்த ஆய்வு 1943இல் புத்தகமாயிற்று. அங்கே 1552ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே கடை நடத்த நீதிபதிகளின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஆள் பெயர் வேண்டும். கடைக்கோ சிங்கம், மணி, கிரீடம் என்று ஒரு பலகை. பெயர் இருந்தால் வம்சாவளி எழுதிவிடலாம்.

நமக்கு என்ன இருக்கிறது? புக்கானன் 1800இல் கோயமுத்தூர்ச் சீமை வழியாகப் போனார். அவர் கண்ணில் பனை பட்டது. எஃப்.ஏ. நிக்கல்சனின் கோயமுத்தூர் ஜில்லா மானுவல் 1887இல் அச்சாயிற்று. அதில் கள் ஒரு வருமான இனம், உப்பையும் முத்திரைத்தாளையும் போல. முந்தின வருஷம், 1886இல்தான் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்திருந்தது. (ஆப் என்றால் பாரசீகத்தில் நீர். இந்த இலாகாவுக்கு யாரோ நகைச்சுவை உணர்வோடு பெயர் வைத்திருக்கிறார்கள்.) இறக்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் வரி, வரி கட்டிய மரத்துக்கு எண். கடையை ஏலத்தில் விடுவார்கள். இந்த வருஷம் ஒருவன், அடுத்த வருஷம் அவனைவிட நூறு ரூபாய் கூடக் கேட்டவன். குத்தகைதாரன் மாறிக்கொண்டே இருந்ததால் கடைக்குப் பெயரும் ஏற்படவில்லை, பரம்பரையும் ஏற்படவில்லை. மரத்துக்கு எண் இருந்தது, கடைக்கு எண் இருந்தது, தொகை இருந்தது. உட்கார்ந்து குடித்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

நிக்கல்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே மனிதர்தான் பின்னால், 1895லும் 1897லும் வெளியான இரண்டு தொகுதிகளில், விவசாயிகளுக்கு பாங்கு ஏற்படுத்துவது பற்றிப் பிரசித்தமான அறிக்கையை எழுதினார். 1904ஆம் வருஷக் கூட்டுறவுச் சட்டத்துக்கு அதிலிருந்து ஒரு வழி போகிறது. கள்ளையும் கடனையும் ஒரே பேனா எழுதியிருக்கிறது என்பதை பாங்கு குமாஸ்தாவான என்னால் கவனிக்காமல் இருக்கமுடியவில்லை.

சர்க்கார் கணக்குக்கு அப்பால் கள்ளுக்கடையைப் பற்றி எழுதியவர்கள் அதை மூட வந்தவர்கள். கொங்குநாட்டில் இது விசேஷம். 1921இல் ஈரோட்டில் மறியல் நடந்தது. பெரியார் சிறைக்குப் போனார், நாகம்மாளும் கண்ணம்மாளும் கடை முன்னால் வந்து நின்றார்கள். தாதம்பட்டித் தோப்பில் தமக்கிருந்த ஐந்நூறு தென்னைகளைக் கள் இறக்கப்படும் என்பதற்காகவே அவர் வெட்டிப்போட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் ஆசிரமம் தொடங்கி, 1929இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார், கல்கி உதவியாசிரியர். பத்து இதழோடு நின்றது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. ஆனால் இவர்கள் எழுத்திலும் கடை ஒரு பாவஸ்தலமாகத்தான் வருகிறது, இடமாக வருவதில்லை. கூரை ஓலையா ஓடா, சாயங்காலம் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த அளவோடு விட்டிருப்பேன். என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் விடவில்லை: "உங்க பூட்டன் ரெண்டு வள்ளம் காட்டைக் குடிச்சே தீத்தாரு." மேற்கெல்லையில் கடை, இந்தப்பக்கம் நம் காடு; குடித்துத் தீர்ப்பதற்கு வசதியான பூகோளம்தான். எதற்கும் பார்ப்போமென்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, 1931ஆம் வருஷத்து அடமானப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். கடன் வாங்கிய காரணம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: தான் ஏலத்தில் எடுத்து நடத்திவரும் மேற்படி கள்ளுக்கடை வகையில் சர்க்காருக்குச் செலுத்தவேண்டிய கிஸ்தி பாக்கிக்காக.

பூட்டன் குடித்தாரா என்று தெரியாது. கடை நடத்தியிருக்கிறார்.

தேதியைப் பாருங்கள். 1929க்குப் பிறகு பருத்தி விலை சரிந்து கம்போடியா பஞ்சு போட்டவன் கையில் காசில்லை. 1930இல் சட்டமறுப்பு, ஊர் ஊராகக் கள்ளுக்கடை மறியல். 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம் அமைதியான மறியலை அனுமதித்தது. கடைக்கு ஆள் வராவிட்டாலும் ஏலத்தொகை குறைவதில்லை, மாதாமாதம் கிஸ்தி கட்டவேண்டும். நம் தேசிய இயக்கத்தின் உன்னதமான ஒரு கட்டத்தில் எங்கள் இரண்டு வள்ளம் போயிற்று. பிற்பாடு எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காங்கிரஸுக்கு வோட்டுப் போட்டது என்பது வேறு விஷயம்.

பாங்கில் கடன் மனுவில் 'நோக்கம்' என்று ஒரு பத்தி உண்டு. கிணறு ஆழப்படுத்த என்று எழுதுவார்கள், கல்யாணம் நடக்கும். பூட்டன் அந்தப் பத்தியில் உண்மையை எழுதியிருக்கிறார். பொய்யைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். ஏன் இந்தப் பொய் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. குடித்துக் கெட்டவன் என்பதில் பண்ணையத்துக் கம்பீரம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது; ஏலம் எடுத்துக் கெட்டவன் என்றால் அது இல்லை. கடையில் உட்கார்ந்து யார் யார் கைக்காசை எண்ணி வாங்கினார் என்ற கேள்வியும் வந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு ஊரில் ஒருவரிடம் பதில் இருந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியவர். அவர் தகப்பனார் அந்தக் கடைக்கு மரம் ஏறியவர். கடைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "கடைக்கு என்னங் தம்பி பேரு? கடைதான்." யாரெல்லாம் வருவார்கள்? "உங்காளுக உள்ள பெஞ்சுல. சக்கிலிய வளவுக்காரங்க வேலிக்கு அந்தாண்ட, கொட்டாங்குச்சில வாங்கிக் குடிப்பாங்க. காசு மட்டும் ஒரே டப்பால விழும்." இங்கிலாந்து மதுக்கடையைப் பற்றிப் படித்துவிட்டு, கிராமத்து ஜனங்கள் சமமாகக் கூடிய இடம் என்று நான் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அன்றைக்குப் பள்ளிபாளையம் சேலம், ஆற்றுக்கு இக்கரையில் ஈரோடு கோயமுத்தூர் ஜில்லா; அக்கரையில் குற்றம், இக்கரையில் ஏலம். மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கள்ளும் சாராயமுமாக இருந்ததால், இழப்பை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கு போய்விட்டது, வரி நம்மோடு இருந்து வேறு பெயரும் எடுத்துவிட்டது. 1948 அக்டோபர் 2க்குள் மாகாணம் முழுக்க மூடினார்கள். 1971இல் திறந்து, 1974க்குள் மூடி, 1981இல் திறந்தார்கள். 1987 பிறந்ததிலிருந்து கள்ளுக்குத் தடை. 1983இல் ஏற்பட்ட டாஸ்மாக் 2003இலிருந்து சில்லறைக் கடையும் நடத்துகிறது. பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

இடம் பெயரில் தங்குவதும் உண்டு. மறியல் நடந்த ஈரோட்டிலேயே கள்ளுக்கடைமேடு என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் அதுவும் இல்லை. கடை இருந்த இடத்தில் சீமைக்கருவேலமும் ஒரு செல்போன் கோபுரமும்.

போன மாதம் அப்பாவும் சித்தப்பாவும் மிஞ்சிய பூமியைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் எழுதுபவர் கம்ப்யூட்டரில் நான்கெல்லையை அடித்துக்கொண்டு வந்தவர், மேற்கில் நின்று, "இது இப்ப இல்லைங்களே, நெம்பரை மட்டும் போட்டுர்றனுங்க" என்றார். சித்தப்பா உடனே, "ஆமாங், எடுத்துருங்க" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் 1931ஆம் வருஷத்து நகலை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார். பிறகு பத்திரம் எழுதுபவரைப் பார்த்து, "பழைய கள்ளுக்கடை இடம்னு போடுங்க" என்றார்.