பலகாரக் கணக்கு

தீபாவளி நெருங்கினால் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். நெய் விலை ஏறிப்போச்சு, லீவு இல்லை, இந்த வருசம் எத்தனை வகை சுடுறது, எதைக் கடையில வாங்குறது? காசையும் நேரத்தையும் மிச்சம் பண்ண ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பேராக் ரப்பர் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு நம் பாட்டிமார்கள் பல வருசங்களுக்கு முன்பே ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடைக்கு என்ன செலவானது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

முதலில் வரவைப் பார்ப்போம். 1920களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் அது 40, 32 என்று வெட்டப்பட்டது. இந்தச் சம்பளத்தில் அரிசி, பருப்பு, துணிமணி போக, சீனியும் நெய்யும் ஏலக்காயும் வாங்கியாக வேண்டும்.

அடுத்தது மழை. தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். பேராக்கில் மழை கொட்டும் மாதங்கள் அவை. மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் ஓடாமல் வழிந்துவிடும், மங்கில் தண்ணீர் சேரும். அன்றைக்கு வெட்டு இல்லை, சம்பளமும் குறையும். வெயிலடித்தால் காசு வரும், ஆனால் அடுப்புப் பக்கம் போக நேரம் இருக்காது. மழை பெய்தால் நேரம் கிடைக்கும், காசு இருக்காது. இடித்த மாவு காய்வதற்கும் அதே வெயில்தான் வேண்டும். தோட்டத்துப் பெண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலகாரம் சுட்டார்கள்.

தனி வீட்டால் முடியாததை லயம் சேர்ந்து செய்தது. இன்று ஒரு வீட்டுக்கு, நாளை அடுத்த வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மாவு பிசைவாள், ஒருத்தி பிழிவாள், ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வாள். அச்சு முறுக்குக்கான அச்சு எல்லா வீட்டிலும் இருக்காது. இருக்கிற வீட்டிலிருந்து அது லயம் முழுக்கச் சுற்றும். வரிசையும் உண்டு. நாள்பட இருக்கும் முறுக்கு, ஓமப்பொடி, சிப்பி முதலில். எண்ணெயைக் கறுக்கவைக்கும் அதிரசம் கடைசியில். அதன் மாவு ஊற வேண்டும் என்பதால் பாகு மட்டும் முன்கூட்டியே காய்ச்சப்படும். கேசரி அன்றைக்குக் காலையில்.

பொறியியல் படித்தவனுக்கு இது பழக்கமான விஷயம். எந்திரத்தை ஓடவிடும் செலவு ஒரு பொருள் செய்தாலும் நூறு செய்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சட்டி ஒரு தடவை சூடானால் அந்தச் சூட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் முடித்துவிட வேண்டும். அடுப்புக்கும் இதே கணக்கு. மின்சார அடுப்பு வருவதற்கு முன்னால் கேக்கும் பிஸ்கட்டும் தகர அடுப்பில் வெந்தன. கம்பத்து மலாய்க்காரர்கள் பித்தளை அச்சில் பாஹுலு சுடுவதைப் போல, கீழே ஒரு அடுக்கு கரி, மூடிமேல் ஒரு அடுக்கு கரி. கரி தணலாகும்வரை காத்திருப்பதுதான் பெரிய செலவு. அதை நாலு வீடு பங்கு போட்டால் சமாளிக்கலாம்.

காசுக்கும் ஒரு கூட்டு இருந்தது. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுப்பது. தீபாவளி மாதத்துக் கூட்டை எடுக்க எப்போதும் போட்டிதான். சிலர் பணத்தோடு ஓடிப்போன கதைகளும் உண்டு. 1971இல் வந்த கூட்டு நிதித் தடைச் சட்டம் இதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்தது. ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்பே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சிறுகச் சிறுகச் சேர்ந்து போடுவது தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

சேர்த்து வைப்பதே ஆபத்தாக இருந்த காலமும் ஒன்று உண்டு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள். டின் உணவைக் கடையிலேயே துளை போட்டுக் கொடுத்தார்கள். வேலைக்காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் தடை. பல நாளுக்கு இருக்கும்படி தகரத்தில் பலகாரம் நிரப்புவது அந்த வருசங்களில் சாதாரண காரியம் அல்ல.

இதெல்லாம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 'அந்தக் காலத்துல எவ்வளவு ஒத்துமை' என்று பெருமூச்சும் விடுகிறோம். ஆனால் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் அந்தச் சட்டி அடுப்பில் ஏறியது. பகலில் 50 காசுக்குப் பதில் 40 காசு வாங்கியவள், ராத்திரி காசே வாங்காமல் நின்றாள். பலகாரச் செலவு குறைந்ததற்கு முதல் காரணம் அவளுடைய தூக்கம். கூட்டு உழைப்பு அந்தச் சுமையைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டது. பத்துப் பேருமே பெண்கள்.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின. மக்கள் ஈப்போ பக்கம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தார்கள். இங்கே அண்டை வீட்டுக்காரிக்கு வேறு ஷிஃப்ட். முறை வைத்துச் சுட ஆள் கிடையாது. அந்த இடத்தைக் கடை பிடித்துக்கொண்டது. ஈப்போ புந்தோங்கில் உள்ள கச்சான் பூத்தே கம்பம் இதில் பேர் பெற்றது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் போட்டு விற்று வளர்த்த இடம் அது. வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் சுடும் அக்காமார்களும் இப்போது எல்லாத் தாமானிலும் இருக்கிறார்கள்.

'ஒரு டின் முறுக்கு இவ்வளவா? வீட்டுல சுட்டா பாதிதான் ஆகும்' என்று இந்த வருசமும் யாராவது சொல்வார்கள். மாவு, எண்ணெய், கேஸ் மட்டும் கூட்டினால் பாதிதான். மீதிப் பாதி, நம் பாட்டிக்கு யாரும் கொடுக்காத ராத்திரிக் கூலி. அக்காவிடம் பேரம் பேசுவதற்கு முன் அதையும் கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே சுடலாம். ஆனால் இந்தத் தடவை மாவு பிசையவும் சட்டி கழுவவும் ஆம்பளைங்களும் உட்காரட்டும்.