சிலபஸுக்கு வெளியே ஒரு புத்தகம்

"சார், இது பப்ளிக்ல வருமா?" கணக்கு சார் புதிதாக எதைச் சொன்னாலும் எங்கள் வகுப்பில் முதலில் எழும் கேள்வி இதுதான். நானும் கேட்டவன்தான்.

சிலபஸில் இல்லாத நுண்கணித முறைகளைப் படிப்பதால் லாபம் உண்டா? ஃபெயின்மனுக்கு இருந்தது. தொகைக்குறிக்குள் புகுந்து வகையிடும் முறையைப் பள்ளி நாளிலேயே, இயற்பியல் ஆசிரியர் கொடுத்த ஒரு புத்தகத்திலிருந்து கற்றார். மற்றவர்கள் கைவிட்ட கணக்குகள் அவரிடம் வந்தன. ஆனால் நம்ம கும்பகோணத்துக் கதை இவ்வளவு எளிதல்ல.

1903-ல் பள்ளி மாணவர் ராமானுஜன் கையில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் மிகக் குறைவு. இதில் ஒரு வேடிக்கை. கார், கேம்பிரிட்ஜ் டிரைபாஸ் தேர்வுக்கு டியூஷன் எடுத்தவர். அதாவது அங்கே அது ஏறக்குறைய நம்ம ஊர் 'கைடு' மாதிரி! இங்கே அதுவே சிலபஸுக்கு வெளியே.

நிரூபணம் இல்லாததால் ஒவ்வொன்றையும் அவரே போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் அவரை வளர்த்தது என்று நினைக்கிறேன். விலையும் கொடுத்தார். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதம் 30 ரூபாய். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைத் தினமும் பார்க்கிற எனக்கு இந்த இடம் மட்டும் மறப்பதே இல்லை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயருக்குக் கணிதம் தெரியும். இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். போட்டதைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்காக எழுதிய அறிக்கைகளில்தான், ஏராளமான தொகையீடுகளை ஒரே வீச்சில் முடிக்கும் அவருடைய 'மாஸ்டர் தேற்றம்' இருக்கிறது.

ஆனால் கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கார் புத்தகத்தோடு நின்றதன் குறை அது. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனபின் ஹார்டிக்கு ஒரே தர்மசங்கடம்: முறையாகச் சொல்லிக்கொடுத்தால் இவருடைய தன்னம்பிக்கை கெட்டுவிடுமோ? கொடுக்காமலும் விட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். அதைவிட அதிகமாகத் தான் ராமானுஜனிடம் கற்றதாக ஒப்புக்கொண்டார்.

நானும் ஒரு தனி நோட்டு போட்டிருக்கிறேன். இங்கிலீஷ் நோட்டுக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.