மணிக்கட்டில் யாருடைய நேரம்?

ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் நடக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார். நடையைக் கணக்கிட அது உதவும் என்கிறார்கள் நண்பர்கள். இந்தியாவில் நேரத்தின் வரலாற்றைப் படிப்பவனுக்கு முடிவு அவ்வளவு எளிதாக வரவில்லை.

1906 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் அரசு இந்தியா முழுமைக்கும் ஒரே பொது நேரத்தை நடைமுறைப்படுத்தியது. பம்பாயின் உள்ளூர் நேரத்தைவிட அது 39 நிமிடம் முந்தியது. சூரியன் உதிக்கும் பொழுது மாறவில்லை. ஆலை வாயிலில் நிற்கவேண்டிய பொழுது மட்டும் முன்னே நகர்ந்தது. அம்மாதமே ஆலைத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தனர். மாநகராட்சியும் தன் கடிகாரங்களில் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்தப் பிடிவாதம் 1950-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கல்கத்தாவும் தன் தனி நேரத்தை 1948 வரை விட்டுக்கொடுக்கவில்லை. இதனை வெறும் ஊர்ப்பெருமை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருடைய கடிகாரத்துக்கு யார் கட்டுப்படுவது என்பதே அங்கு வழக்கு.

விடுதலைக்குப் பின் கடிகாரம் விரும்பி அணியும் பொருளாயிற்று. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. முதல் சம்பளத்திலோ திருமணச் சீரிலோ வந்த 'ஜனதா' கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுப்பது பல வீடுகளில் காலைச் சடங்கு. பின்னர் டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் அந்தச் சடங்கையும் முடித்துவைத்தன. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அக்கடிகாரங்கள் அணிந்தவருக்கு நேரத்தைச் சொல்லின. அணிந்தவரைப் பற்றி எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. இன்றைய கடிகாரம் அடிகளை எண்ணுகிறது, நாடியைப் பார்க்கிறது, உறக்கத்தையும் குறித்துக்கொள்கிறது. நாக்பூர், சண்டிகர் முதலிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது அலுவலகத் திரையில் தெரிந்தது. சண்டிகரில் பணியாளர்கள் அதனை எதிர்த்துப் போராடியபோது எனக்குப் பம்பாய் ஆலை வாயில்தான் நினைவுக்கு வந்தது.

என் நிலை அவர்களுடையதன்று. என்னை எவரும் கட்டாயப்படுத்தவில்லை; நடைக்கணக்கும் எனக்குத் தேவைதான். ஆகவே சென்ற வாரம் கடைக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யாமல் இதைப் பயன்படுத்த முடியுமா?

"முதல் தடவை பதிவு செய்தே ஆகணும் சார்" என்றார் கடைக்காரர்.

வெறுங்கையுடன் திரும்பினேன். இப்போதைக்கு வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை சென்று திரும்பும் நடையைத் தந்தையின் பழைய எச்.எம்.டி.தான் கணக்கிடுகிறது: 32 நிமிடம்.