கிறிஸ்துமஸ் லீவில் சிலோன் பயணம்

இப்போது இலங்கை போக வேண்டுமென்றால் சென்னையில் விமானம் ஏறினால் போதும், ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் ‘சிலோன்’தான். அங்கே போவதென்றால் ரயிலும் கப்பலும்தான் நினைவுக்கு வரும்.

நம் சங்கராபுரத்துக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. சிலோன் போகிறவர்கள் திருக்கோவிலூர் வழியாகப் பஸ்ஸில் விழுப்புரம் போய், அங்கே இரவில் போட் மெயிலைப் பிடிப்பார்கள். எழும்பூரிலிருந்து வரும் அந்த வண்டி மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, மானாமதுரை என்று ஓடி, மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் நிற்கும். தண்டவாளம் முடிகிற இடத்திலேயே கப்பல் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களின் பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே வேறு ரயில் ஏறினால் மூன்றாம் நாள் காலை கொழும்புக் கோட்டை. இத்தனைக்கும் ஒரே டிக்கெட்! 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வசதி இது. அதற்கு முன் தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.

இந்த வழியில் போனவர்கள் எல்லோரும் ஊர் பார்க்கப் போனவர்கள் அல்ல. தென்னார்க்காடு, சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகளே அதிகம். மண்டபம் கேம்ப்பில் அவர்களைச் சில நாட்கள் தனியே வைத்து, அம்மை, காலரா இல்லை என்று பார்த்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள்.

என் பெரியப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு ஊருக்கு வருவார். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியாமல் முதலாளி லீவு தரமாட்டார். அதனால் டிசம்பர் கடைசியில்தான் புறப்படுவார். 1964-லும் அப்படித்தான் கடிதம் எழுதியிருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அந்த டிசம்பர் 17-ஆம் தேதி அந்தமானுக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு, இரண்டு நாளில் புயலாகி, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து தனுஷ்கோடியை நோக்கி வந்தது. அன்றிரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலை வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. ரயில்வே கணக்கில் பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் போனவர்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும் என்பார்கள். புயலில் மொத்தம் ஏறத்தாழ 1,800 பேர் மாண்டதாகச் சொல்வார்கள்.

பேப்பரில் செய்தி வந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு மூன்று நாள் சரியாக அடுப்பு எரியவில்லை. பெரியம்மா திண்ணையை விட்டு நகரவே இல்லை. பிறகு தந்தி வந்தது: ‘சௌக்கியம். கொழும்பில் இருக்கிறேன்.’ கிறிஸ்துமஸ் வியாபாரம் அவரைக் காப்பாற்றியது. அதே பாதையில் அந்த வாரம் வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர்தான் பின்னாளில் ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கிய ஸ்ரீதரன். தனுஷ்கோடிக்கோ மறுபடி ரயில் போகவே இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30-ல்தான் சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது அது. தாத்தா காலத்தில் போனவர்களின் பேரன் பேத்திகள் மூட்டை முடிச்சுகளோடு திரும்பி வந்தது இந்த ராமேஸ்வரம் கப்பலில்தான். இலங்கையில் போர் மூண்டதும் 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

சரியாக நாற்பது ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, இலங்கையில் பௌர்ணமி விடுமுறை வேறு. கொழும்பிலிருந்து காலிப் பக்கம் போன ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். பெரலியா என்ற இடத்தில் சுனாமி அந்த வண்டியைப் புரட்டிப் போட்டது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே காலையில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. சுனாமிக்கு மாதம் கிடையாது. அது கடலுக்கடியில் நிலம் நடுங்குவதால் வருவது. புயலுக்கு மாதம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் அமைதியாக இருக்காது. கல்வராயன் மலையில் மழை பிடித்துக் கோமுகி அணை நிரம்புவதும் அந்த மாதங்களில்தானே? இங்கே நமக்குத் தண்ணீர் தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் யாழ்ப்பாணத்துக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. அந்த ஆண்டும் மழைக்காலத்தில் நிறுத்தி, அடுத்த பிப்ரவரியில்தான் எடுத்தார்கள். பிள்ளைகளின் அரையாண்டு லீவில் கப்பலில் போகலாமா என்று என் மகன் கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

அதற்காக டிசம்பரில் இலங்கையே வேண்டாம் என்பதில்லை. மழை வடக்கிலும் கிழக்கிலும் பெய்யும்போது கொழும்பு, காலி உள்ள தென்மேற்குக் கரை நன்றாக இருக்கும். வெளிநாட்டார் அங்கே குவிவதும் அப்போதுதான். ஆகவே கிறிஸ்துமஸ் லீவு என்றால் விமானத்தில் கொழும்பு போய்த் தென்மேற்கைப் பாருங்கள். யாழ்ப்பாணமும் நல்லூர்க் கோயிலும் பார்க்க ஆசையிருந்தால் தை, மாசி போகட்டும், கடல் அடங்கிய பிறகு கப்பலில் போகலாம். பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் விசா விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். புறப்படும் வாரத்தில் வானிலை அறிக்கையைத் தினமும் கேளுங்கள். 1964-ல் அந்த வண்டியில் ஏறியவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நமக்கு எச்சரிக்கை கைபேசிக்கே வந்துவிடுகிறது.