எழுத்துக்கு உடையவர் எவர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுள் ஒன்று அச்சுவேலி. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் வரலாற்று நூல், 1928ஆம் ஆண்டில் அவ்வூர் ஞானப்பிரகாச யந்திரசாலையிலேயே அச்சேறியது. அச்சியந்திரத்துக்கு உடையவர் உண்டு. ஈய எழுத்துக்கு விலையும் உண்டு. ஆனால், அகரம் முதலான தமிழ் எழுத்துக்கு உடையவர் எவருமிலர். மொழி பொதுவுடைமையாய் இருப்பதாலன்றோ சிற்றூரிலும் பெருநூல் பிறக்கின்றது?

கணினிக்கு ஆணையிடுவதற்கும் மொழிகள் உள. அவற்றுள் ஒன்றாகிய ஜாவாவை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. ஒருமுறை எழுதிய நிரல் பலவகைக் கணினிகளிலும் இயங்கும் என்பதே அதன் சிறப்பு. அதனைப் பெற விலை கொடுக்க வேண்டியதில்லை. எனினும், நிரலை இயக்கும் மென்பொருளைத் திருத்திப் பிறர்க்கு வழங்கும் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இதன் விளைவு இலங்கையையும் தொட்டது. 2003இல் இங்கு லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் தோன்றியது. கணினிகள் தம்முட் செய்தி பரிமாற உதவும் ‘அப்பாச்சி ஆக்சிஸ் 2’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்குவதில் இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டனர். உலகுக்கு அவர்கள் தடையின்றி வழங்கிய அம்மென்பொருள் ஜாவாவின்மீதே நின்றது. வீடு தமது, நிலமோ பிறரது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முதல்வராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004இல் இந்நிலையை ஒரு பொறியெனவே எச்சரித்தார்.

எச்சரிக்கைக்கு முன்பே மாற்றுவழி தேடியோரும் இருந்தனர். ‘காஃபே’ என்னும் இயக்கி 1996இல் தோன்றியது. 1998இல் ‘குனூ கிளாஸ்பாத்’ முயற்சி தொடங்கிற்று. சன் நிறுவனத்தின் மூலநிரலை நோக்காது, வெளியிடப்பட்ட இலக்கணத்தை மட்டும் கொண்டு, ஜாவாவின் நிரற்றொகுதியைத் தன்னார்வலர் பகுதி பகுதியாகப் புதிதாய் எழுதினர். 2005இல் ‘அப்பாச்சி ஹார்மனி’ என்னும் மற்றொரு முயற்சியும் சேர்ந்தது.

2006 நவம்பர் 13ஆம் நாள், ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழேயே ஜாவாவைத் திறந்துவிடுவதாக சன் நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டு மூலநிரல் வெளிவந்தபோது, பிறர்க்கு உரிமையான சில பகுதிகள் திறக்கப்படாதிருந்தன. அவ்விடைவெளியை நிரப்ப ‘ஐஸ்ட்டீ’ என்னும் திட்டம் குனூ கிளாஸ்பாத்தின் பகுதிகளையே எடுத்தாண்டது. வீணுழைப்பென்று எண்ணத்தக்க பணி அன்று கைகொடுத்தது.

2010இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், அவ்வாண்டே கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. ஜாவாவின் ஏறத்தாழ 11,500 அறிவிப்பு வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 5இல் தீர்ப்பளித்தது. அத்தகைய வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்னும் அடிப்படை வினாவை அது முடிவு செய்யவில்லை.

உடையவர் மாறலாம், அவர் மனமும் மாறலாம். முறைப்படி வழங்கப்பட்ட உரிமமும், மாற்றொன்றை ஆக்கவல்ல மக்களும் உள்ளவரை மொழி பொதுவாகவே நிற்கும்.