பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர்!

கட்டாரி பார்த்திருக்கிறீர்களா? மற்ற கத்திகளுக்குப் பிடி நீளவாக்கில் இருக்கும். இதற்கோ குறுக்கே! இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி ஒரு சட்டம். அதை இறுகப் பற்றி, முஷ்டியால் குத்துகிற மாதிரியே குத்த வேண்டும். அசல் இந்தியச் சரக்கு.

அதிலும் 17-ம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் கட்டாரிகள் தனி அழகு. கையை மறைக்க உலோகக் கவசம், அதில் யாளி முகம். 'சந்தேகமே இல்லை, நம்ம ஊர்தான்' என்று சொல்லிவிடுவீர்கள்.

பொறுங்கள்! அலகையும் பாருங்கள்.

அவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் அடித்தது. 1498-ல் வாஸ்கோடகாமா வந்த பிறகு கப்பல்களில் வாள்களும் வந்தன. அப்படிப்பட்ட அலகில் இந்தியப் பிடி போட்ட வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். நம்ம 'பறங்கி'தான்! நீள வாளை வெட்டிக் கட்டாரிப் பிடியில் ஆணி அடித்து இறுக்கிவிட்டார்கள் நம் ஆட்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அலகு பிடியோடு ஒன்றாக அடித்து உருவாக்கியதா, ஆணி அடித்ததா என்று பார்க்க வேண்டும். அலகில் ஓடும் பள்ளக்கோடு பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா? இது வேறொரு வாளின் துண்டு. தண்ணீர் அலை மாதிரி நெளிகோலம் தெரிகிறதா? அது இந்தியாவிலும் மேற்காசியாவிலும் புகழ்பெற்ற உருக்கு. ஐரோப்பியக் கொல்லர் பட்டறைச் சரக்கல்ல.

சரி, அலகிலேயே 'ஆண்ட்ரியா ஃபெராரா' என்று பெயர் இருந்தால்? உடனே 'இத்தாலி' என்று எழுதிவிடாதீர்கள். அவர் 16-ம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோவில் இருந்த கொல்லர். அவர் பெயருக்கு அவ்வளவு கிராக்கி! அவருக்குப் பின்னும் ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்க்காரர்கள் அதே பெயரைப் பொறித்து விற்றார்கள். டூப்ளிகேட் வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல சார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலை. 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டது. 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். ஒரு பங்கு சென்னை அருங்காட்சியகத்துக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி? உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு!

எந்த அலகு எந்தப் பிடியோடு, எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற கணக்கும் அத்தோடு போயிற்று. தப்பிய கட்டாரிகள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால், பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகராதீர்கள். குனிந்து அந்த ஆணிகளைப் பாருங்கள். மிச்சமிருக்கிற சாட்சி அவைதான்.