கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடை

கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கும் கியூபாவுடனான வணிகத்துக்கு அமெரிக்கா விதித்துள்ள தடை. ஃபிடல் காஸ்ட்ரோ அரசு அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியதை அடுத்து, 1960 அக்டோபரில் ஏற்றுமதிகள் பெருமளவு தடுக்கப்பட்டன. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி அதை ஏறத்தாழ முழுத் தடையாக விரிவாக்கினார்.

1996-ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டம் தடையை மேலும் இறுக்கியது. 2000-இல் உணவுப்பொருள் விற்பனைக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் கடனுக்கு விற்க முடியாது. 2015-இல் இரு நாடுகளும் தூதரக உறவைப் புதுப்பித்தபோதும் தடை நீடித்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆட்சி மாறவில்லை, துன்பம் சாதாரண மக்களுக்கே என்பது தடையை நீக்கக் கோருவோரின் வாதம். அரசியல் கைதிகளை விடுவிக்காமலும், பறித்த சொத்துக்கு இழப்பீடு தராமலும் இருக்கும் அரசுக்குச் சலுகை கூடாது என்பது எதிர்த்தரப்பினரின் வாதம். கியூபாவின் நெருக்கடிக்கு அதன் அரசின் பொருளாதாரக் கொள்கையே முதன்மைக் காரணம் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் தடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. 2024-இல் இந்தியா உட்பட 187 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. இத்தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. தடையை முழுமையாக நீக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.